வெளிநாட்டில் அறிமுகமில்லாத ஜிம்முக்குப் பயிற்சிக்குப் போகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

இலங்கை மலையகத்தின் ஹட்டனில் மாலை நேரக் கராத்தே வகுப்பொன்றில் உதவிப் பயிற்றுநராக நிற்கிறேன். எங்கள் மாணவர்கள் கட்டாருக்கும் டுபாய்க்கும் வேலைக்குப் போகிறார்கள், மலேசியாவுக்குப் படிக்கப் போகிறார்கள், சிலர் விடுமுறைக்குத் தாய்லாந்துக்கும் போய் வருகிறார்கள். புறப்படும் வாரத்தில் அவர்களும் அவர்களுடைய பெற்றோரும் கேட்பவை ஏறக்குறைய ஒரே கேள்விகள். தலவாக்கலை, பண்டாரவளை, கண்டிப் பக்கமிருந்தும் கேட்கிறார்கள். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கராத்தேயை மனதில் வைத்து எழுதினாலும் ஜூடோ, குத்துச்சண்டை, சிலம்பம் பயில்கிறவர்களுக்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

தெரியாத இடத்தில் வெளியாள் ஒருவரை ஒருநாள் பயிற்சிக்கு விடுவார்களா, சேர்?

பெரும்பாலும் விடுவார்கள். பாங்கொக், புக்கெட், சியாங் மாய் போன்ற ஊர்களில் எத்தனையோ முவாய் தாய் (தாய்லாந்துக் குத்துச்சண்டை) ஜிம்கள் பயணிகளை நம்பியே நடக்கின்றன. ஜூடோவை உருவாக்கிய ஜிகோரோ கானோ 1882இல் தொடங்கிய கொடோகன் என்ற பயிற்சிக்கூடம் இன்று டோக்கியோவில் பெரிய கட்டடமாக நிற்கிறது. அங்கே வெளிநாட்டு ஜூடோ வீரர்கள் வந்து பயிற்சி எடுப்பது வழமை. சின்னக் கராத்தே வகுப்புகளில்தான் கொஞ்சம் தயக்கம் இருக்கும். பத்துப் பதினைந்து பேர் வருடக்கணக்காக ஒன்றாகப் பயிலும் இடத்துக்கு முன்னறிவிப்பின்றிப் போய் நின்றால் யாருக்கும் சங்கடம்தான்.

ஆகவே, போவதற்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பே செய்தி அனுப்புங்கள். பெயர், நாடு, எந்தக் கலை, எத்தனை வருடப் பயிற்சி, எந்த நாளில் வர விரும்புகிறீர்கள், உடம்பில் பழைய காயம் ஏதாவது உண்டா என்பவை போதும். வென்ற பதக்கங்களை எழுத வேண்டாம். வந்து பார்க்க மட்டும் முடியுமா என்றும் கேளுங்கள். அந்தக் கேள்விக்கு வரும் பதிலிலேயே அந்த இடத்தைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும்.

நல்ல இடமா, மோசமான இடமா என்று போனவுடனே எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு வகுப்பை முழுவதும் உட்கார்ந்து பாருங்கள். பார்க்கவே விடாத இடத்தை நான் நம்ப மாட்டேன். சுவரில் தொங்கும் சான்றிதழ்களையும் கோப்பைகளையும் விட்டுவிட்டு, புதிதாகச் சேர்ந்தவர் எப்படி நடத்தப்படுகிறார் என்று கவனியுங்கள். அனுபவசாலியோடு அவரை இணைக்கும்போது அந்த அனுபவசாலி வேகத்தைக் குறைக்கிறாரா? ஒருவர் வலியில் முகம் சுளித்தால் பயிற்றுநர் அதைக் காண்கிறாரா? ஸ்பாரிங் (எதிராளியோடு மோதிப் பழகும் பயிற்சி) நடக்கும்போது பயிற்றுநர் சுற்றி நடக்கிறாரா, அல்லது கைத்தொலைபேசியில் மூழ்கியிருக்கிறாரா?

இன்னொன்றையும் சொல்வேன். இடைவேளையில் மாணவர்கள் தங்களுக்குள் சிரித்துப் பேசுகிறார்களா என்று பாருங்கள். கடுமையான பயிற்சி தரும் நல்ல இடங்களில்கூட அந்தச் சிரிப்பு இருக்கும். எல்லோரும் இறுகிய முகத்தோடு ஒரே ஆளின் கண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். பயிற்சிப் பாயின் சுத்தம், முதலுதவிப் பெட்டி, வெளியேறும் வழி ஆகியவற்றையும் அந்த ஒரு மணி நேரத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

பையில் என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும்?

பல் காப்பும் இடுப்புக்கீழ்க் காப்பும் கட்டாயம் உங்களுடையதாகவே இருக்கட்டும். கைக்குச் சுற்றும் துணிப்பட்டி இரண்டு சோடி வேண்டும். கையுறையைப் பல ஜிம்களில் இரவல் தருவார்கள். அதற்குள் எத்தனையோ பேருடைய வியர்வை ஊறியிருக்கும் என்பதால் உங்கள் பட்டியைச் சுற்றாமல் கையை நுழைக்காதீர்கள். இரண்டு துவாய், ஒரு சோடி செருப்பு, நகவெட்டி.

கராத்தே உடுப்பு போட்டுக்கொண்டு ஜூடோ அல்லது பிரேசிலியன் ஜியு-ஜிட்சு வகுப்புக்குப் போகாதீர்கள். அந்தக் கலைகளில் சட்டையைப் பிடித்து இழுப்பதுதான் வேலையே. நம்முடைய மெல்லிய துணி தோள்பட்டையில் கிழிந்துவிடும். அங்கே தடித்த நெசவு உடுப்பை இரவல் கேட்கலாம்.

நான் நீலப் பட்டி. அதையே கட்டிக்கொண்டு போகலாமா?

அதே கலை, அதே சங்கம் என்றால் கட்டலாம். கலை ஒன்றாக இருந்து சங்கம் வேறாக இருந்தால் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். ஷோட்டோகான் என்ற ஒரே கராத்தேப் பிரிவுக்குள்ளேயே நிறங்களின் வரிசை சங்கத்துக்குச் சங்கம் மாறும். கலையே வேறு என்றால் வெள்ளைப் பட்டிதான், யோசிக்கவே வேண்டாம்.

காரணம் மரியாதை மட்டுமல்ல, பாதுகாப்பும்தான். ஜியு-ஜிட்சுவில் பெரியவர்களுக்கு வெள்ளை, நீலம், ஊதா, கபிலம், கறுப்பு என்று ஐந்தே நிறங்கள். வெள்ளையிலிருந்து நீலத்துக்கு வரவே பலருக்கு இரண்டு வருடம் ஆகும். நம் கராத்தே நீலத்தைக் கட்டிக்கொண்டு அங்கே நின்றால், கழுத்து நெரிப்புக்கும் மூட்டுப் பூட்டுக்கும் தப்பத் தெரிந்தவர் என்று எதிரே நிற்பவர் நினைத்து அதற்கேற்ற வேகத்தில் வருவார். வெள்ளைப் பட்டியைப் பார்த்தால் அவரே கையைத் தளர்த்துவார்.

எங்கள் வீட்டில் கிறிஸ்தவர்கள். குனிந்து கும்பிடச் சொன்னால் என்ன செய்வது? மற்ற முறைகளெல்லாம் எப்படித் தெரியும்?

ஜப்பானியக் கலைகளில் தலை குனிவது பொதுவாக மரியாதைக்கான வணக்கம். ஆனாலும் ஒரு படத்துக்கோ மாடத்துக்கோ முன்னால் குனிய மனம் ஒப்பாவிட்டால் அதை வகுப்புக்கு முன்பே பயிற்றுநரிடம் தனியாகச் சொல்லுங்கள். அமைதியாக நிற்க விடுவார்கள். முஸ்லிம் மாணவர்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். வகுப்பின் நடுவே எல்லோரும் குனியும்போது ஒருவர் மட்டும் விறைத்து நிற்பதுதான் மனக்கசப்பை உண்டாக்கும்.

கேரளத்தின் பாரம்பரியச் சண்டைக்கலைக் கூடமான களரியில் வலது காலை முதலில் வைத்து நுழைந்து, தரையைத் தொட்டு வணங்குவார்கள். தென்மேற்கு மூலையில் படிப்படியாக அமைந்த பூத்தறை என்ற வழிபாட்டு மேடை இருக்கும். அதன் அருகே பையைப் போடாதீர்கள். தாய்லாந்தில் கை கூப்பிப் பயிற்றுநரை 'க்ரூ' என்று அழைத்தால் போதும். அங்குள்ள சில பழைய ஜிம்களில் பெண்கள் குத்துச்சண்டை மேடையின் கயிற்றுக்கு மேலாகத் தாண்டக்கூடாது, கீழ்க்கயிற்றின் அடியால்தான் நுழைய வேண்டும் என்ற வழக்கம் இன்னும் இருக்கிறது. பாங்கொக்கின் புகழ்பெற்ற லும்பினி அரங்கமே 2021இல்தான் பெண்களின் போட்டிக்கு மேடையைத் திறந்தது. எனக்கு அந்த வழக்கத்தில் உடன்பாடில்லை. ஏற்க முடியாதவர் வேறு ஜிம் தேடலாம். அப்படியான ஜிம்களும் அங்கே தாராளமாக இருக்கின்றன.

மொழி தெரியாமல் எப்படிச் சமாளிப்பது?

நினைப்பதைவிட எளிது. நம் வகுப்பில் ஜப்பானிய மொழியில் எண்ணும் 'இச்சி, நீ, சான்' (ஒன்று, இரண்டு, மூன்று) உலகெங்கும் கராத்தே வகுப்புகளில் செல்லும். உத்திகளின் பெயர்களும் அப்படியே. வளைகுடாவில் கேரளத்தவர் நடத்தும் வகுப்புகள் உண்டு, அவர்களில் பலருக்குத் தமிழ் புரியும். மலேசியாவில் சிலம்பத்தைத் தமிழிலேயே கற்பிக்கிறார்கள்.

'மெதுவாக', 'நிறுத்து', 'வலிக்கிறது' என்ற மூன்று சொற்களை மட்டும் அந்த ஊர் மொழியில் மனப்பாடம் செய்துகொண்டு போங்கள். பிடிச்சண்டைக் கலைகளில் எதிராளியின் உடம்பிலோ பாயிலோ உள்ளங்கையால் இரண்டு மூன்று முறை தட்டினால் 'விட்டுவிடு' என்று பொருள். இரண்டு கையும் சிக்கிக்கொண்டால் காலால் தட்டலாம், வாயாலும் கத்தலாம். தட்டுவதற்கு வெட்கப்படாதீர்கள். எதிராளி தட்டிய நொடியில் நீங்களும் விட்டுவிட வேண்டும்.

முதல் நாளே ஸ்பாரிங் செய்யச் சொன்னால் முடியாது என்று சொல்லலாமா? பயந்தவன் என்று நினைக்க மாட்டார்களா?

தாராளமாகச் சொல்லலாம். "இன்று முதல் நாள், பார்த்துக்கொள்கிறேன்" என்றால் போதும், விளக்கம் கொடுக்கத் தேவையில்லை. நல்ல பயிற்றுநர் தலையசைத்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகும் வற்புறுத்தினால், முன்பு சொன்னபடி அது போக வேண்டாத இடம் என்று முடிவு செய்துகொள்ளுங்கள். மலையகத்திலிருந்து வந்தவன் கோழை என்று சொல்லிவிடுவார்களோ என்று நம் பிள்ளைகளில் சிலர் பல்லைக் கடித்துக்கொண்டு இறங்குகிறார்கள். ஒரு ஊரின் மானத்தைச் சுமந்துகொண்டு யாரும் ஸ்பாரிங் செய்யக்கூடாது. அது பயிற்சி, போட்டியல்ல.

இறங்குவதென்றால், வேகத்தை முதல் சுற்றிலேயே நீங்கள் தீர்மானியுங்கள். கையுறையைத் தொட்டுவிட்டுப் பாதி வேகத்தில் தொடங்குங்கள்; பெரும்பாலானவர்கள் தாங்கள் வாங்கும் அளவுக்கே திருப்பிக் கொடுப்பார்கள். கராத்தேக்காரர்கள் முவாய் தாய் ஜிம்மில் இரண்டு விடயங்களை நினைவில் வைக்க வேண்டும். நம்முடைய நீண்ட நிலையில் முன்காலின் தொடை திறந்து கிடக்கும். தாழ்வாக வரும் உதை முதலில் அங்கேதான் விழும், ஆகவே நிலையைக் குறுக்கிக்கொள்ளுங்கள். அடுத்தது, நீங்கள் ஓங்கி உதைக்கும்போது அவர் முழங்காலை உயர்த்தித் தடுத்தால் உங்கள் கீழ்க்கால் எலும்பு அவருடைய எலும்பில் மோதும். பல வருடம் பை உதைத்து இறுகிய கால் அது. முதல் வாரத்தில் உதைகளைத் தொடுகையளவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூடோவில் விழக் கற்காதவர் ரண்டோரிக்கு, அதாவது ஜூடோவின் ஸ்பாரிங்குக்கு, இறங்கவே கூடாது.

ஒருவன் வேண்டுமென்றே பலமாக அடித்தால் திருப்பி அடிக்கலாமா?

வேண்டாம். கையை உயர்த்தி நிறுத்துங்கள், "மெதுவாக" என்று சொல்லுங்கள். மறுபடியும் அதே வேகம் என்றால் கையுறையைத் தொட்டு நன்றி கூறி, மேடையை விட்டு இறங்குங்கள். பயிற்றுநரிடம் சொல்லுங்கள். உங்கள் பயிற்சித் துணையை மாற்றிக்கொள்ளும் உரிமை எந்த ஜிம்மிலும் உங்களுக்கு உண்டு.

தலையில் பலமாக அடி விழுந்து கண் மங்கினாலோ, தலை சுற்றினாலோ, சற்றுமுன் நடந்தது நினைவில்லாமல் போனாலோ அன்றைய பயிற்சி அத்தோடு முடிந்தது. ஓய்வெடுத்துவிட்டு அதே மாலை திரும்ப இறங்குவது ஆபத்து. வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், கை கால் சோர்வு ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குப் போக வேண்டும். அன்றிரவு அறையில் தனியாக இருக்காதீர்கள்.

இங்கே குளிரில் நன்றாகத்தான் பயிற்சி எடுக்கிறேன். அங்கே போய் அரை மணி நேரத்தில் மயக்கம் வருகிறதே, ஏன்?

இந்தக் கேள்வி தொலைபேசியில் வரும், பெரும்பாலும் டோஹாவிலிருந்து. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. நம் உடம்பு அந்தக் குளிருக்குப் பழகிய உடம்பு. இங்கே மார்கழி மாலையில் வியர்வை வரவே கால் மணி நேரம் ஓட வேண்டும். 40 பாகை செல்சியஸைத் தாண்டும் வளைகுடாக் கோடையில், அல்லது கூரையும் மின்விசிறியும் மட்டுமே உள்ள தாய்லாந்து ஜிம்மில், உடம்பு தன்னைக் குளிர்விக்கப் படாத பாடு படுகிறது. உங்கள் பலம் எங்கும் போய்விடவில்லை. வெப்பத்துக்குப் பழக உடம்புக்கு ஒன்று முதல் இரண்டு வாரம் தேவை. அதுவரை பாதி நேரம், பாதி வேகம்.

தாகம் எடுக்கும்வரை காத்திராமல் இடைக்கிடை குடியுங்கள். நிறைய வியர்த்தால் வெறும் தண்ணீரை மட்டும் குடித்துக்கொண்டே இருப்பது போதாது, உப்பும் சேர வேண்டும். புறப்படும்போதே நம் பார்மசியில் நான்கைந்து ஜீவனிப் பைக்கற்று (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறுநீர் கடும் மஞ்சளாக இருந்தால் அன்று பயிற்சி வேண்டாம். பேச்சுக் குழறினாலோ, நடை தள்ளாடினாலோ, சம்பந்தமில்லாமல் பேசினாலோ அது சாதாரண மயக்கமல்ல. நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுவதும் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே அம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

வெளிவேலை செய்கிறவர்கள் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். கட்டாரில் 2021 முதல், ஜூன் 1 தொடக்கம் செப்டெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை திறந்த வெளியில் வேலை வாங்குவதற்குத் தடை இருக்கிறது. சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்குக் கொடிய வெப்பம் அது. அந்த வெயிலில் நின்றுவிட்டு வந்த நாளில் இரவு ஸ்பாரிங் செய்யாதீர்கள்.

படர்தாமரை வந்துவிட்டது. அந்த ஜிம்மில்தான் ஒட்டியதா?

இருக்கலாம். பாய், உடுப்பு, உடம்பு என்று மூன்று வழியாலும் பரவும். பயிற்சி முடிந்த உடனே சவர்க்காரம் போட்டுக் குளியுங்கள். ஒவ்வொரு முறையும் உடுப்பைத் துவைத்து வெயிலில் காயப்போடுங்கள். நம்மூர் மழை மாதங்களில் அரை ஈரத்தோடு உடுத்திப் பழகிய பழக்கம் அங்கே கூடாது. கழிப்பறைக்குச் செருப்புடனும் பாயில் வெறுங்காலுடனும் இருக்க வேண்டும். இதை மாற்றிச் செய்கிற ஆட்கள் எல்லா நாட்டிலும் இருக்கிறார்கள்.

வட்டமாகச் சிவந்து அரித்தால் வைத்தியரிடம் காட்டி, அவர் சொல்லும்வரை பிடிச்சண்டை வகுப்புக்குப் போகாதீர்கள். உடுப்பால் மூடிக்கொண்டு போவது மற்றவர்களுக்குச் செய்யும் துரோகம்.

காசு எவ்வளவு கேட்பார்கள்?

ஊருக்கு ஊர் வேறுபடும். முதலில் ஒரு நாளுக்கு மட்டும் கொடுங்கள், பிடித்தால் வாரத்துக்கு. வருட ஒப்பந்தத்தில் முதல் நாளே கையெழுத்திடாதீர்கள், என்ன கழிவு கொடுத்தாலும் சரி. பணம் வேண்டாம் என்று சொல்லும் சின்ன வகுப்பாக இருந்தால் நம் தேயிலைப் பைக்கற்று ஒன்றைக் கொடுத்துவிட்டு வாருங்கள்.

மகள் தனியாகப் போகிறாள். அங்கே ஆண்களோடு சேர்ந்து பயிற்சி எடுக்க வேண்டி வருமே, அனுப்பலாமா?

இந்தக் கேள்வியைக் கேட்ட தாய்மார்கள் எல்லோருக்கும் நான் சொன்னது, அனுப்புங்கள் என்பதுதான். வளைகுடா நாடுகளில் பெண்களுக்கென்று தனி வகுப்பு வைக்கும் ஜிம்கள் இருக்கின்றன. அபுதாபியில் 2008 முதல் பாடசாலைகளிலேயே ஜியு-ஜிட்சு கற்பிக்கப்படுகிறது, பெண்பிள்ளைகளும் கற்கிறார்கள். கலப்பு வகுப்பாக இருந்தால், வகுப்பைப் பார்க்கப் போகும் நாளில் எத்தனை பெண்கள் வழமையாக வருகிறார்கள் என்று எண்ணச் சொல்லுங்கள். அவர்களில் ஒருவரிடம் தனியாகப் பேசச் சொல்லுங்கள். பயிற்றுநரைவிட அந்தப் பெண் உண்மையைச் சொல்வார்.

மகளுக்கு ஒரு விடயம் தெளிவாக இருக்க வேண்டும். நிலையைத் திருத்துவதற்கு முழங்கையை இரண்டு விரலால் தள்ளினாலே போதும். அதற்கு மேல் போகிற கையிலிருந்து விலகி நிற்கவும், வகுப்பின் நடுவே எழுந்து வெளியே போகவும் யாருடைய அனுமதியும் தேவையில்லை. "வீட்டுக்கு வா, தனியாகச் சொல்லித் தருகிறேன்" என்கிற ஆளின் வகுப்புக்கு மறுநாள் போகவே வேண்டாம். யாரோடு ஸ்பாரிங், யாரோடு இல்லை என்பதை அவளே முடிவு செய்யட்டும். முன்னே சொன்ன 'முடியாது' அவளுக்கும்தான்.

சிலம்பக் கம்பையும் நுஞ்சாகுவையும் விமானத்தில் கொண்டு போகலாமா?

இருக்கைப் பக்கம் எடுத்துப்போக விட மாட்டார்கள். கம்பைப் பொதியோடு அனுப்பலாம், ஆனால் நீளத்துக்கு மேலதிகக் கட்டணம் கேட்கக்கூடும். போகிற ஊரிலேயே மூங்கில் வாங்குவது மலிவு. இரண்டு தடிகளைச் சங்கிலியால் இணைத்த நுஞ்சாகு வேறு கதை. கனடாவிலும் ஜேர்மனியிலும் அது தடைசெய்யப்பட்ட ஆயுதம், பையில் இருந்தாலே குற்றம். வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

பயணக் காப்புறுதி எடுத்திருக்கிறேன். காயம் பட்டால் அது போதும்தானே?

பத்திரத்தை எடுத்து விலக்குகள் என்ற பகுதியைப் படியுங்கள். பல காப்புறுதிகளில் சண்டைக் கலைகள் விலக்கப்பட்டிருக்கும், அல்லது மேலதிகக் கட்டணம் கட்டினால்தான் சேர்க்கப்படும். வேலைக்குப் போனவருக்கு இது இன்னும் முக்கியம். விலா எலும்பு வெடித்து வாரக்கணக்கில் வேலைக்குப் போகாவிட்டால் சம்பளம் வருமா என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் உங்கள் பணத்தை நம்பி இருக்கிறவர்கள் உண்டு என்றால் பயிற்சி எடுங்கள், ஸ்பாரிங்கைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வாரம்தான் பயிற்சி எடுத்தேன். அடுத்த வாரம் மேடையில் சண்டைக்கு இறங்கு, பணம் தருகிறோம் என்கிறார்கள். இறங்கட்டுமா?

இறங்க வேண்டாம். தாய்லாந்தின் சுற்றுலா ஊர்களில் பயணிகளை மேடையேற்றுவது சாதாரணமாக நடக்கிறது. எதிராளியின் எடை என்ன, அவருக்கு எத்தனை சண்டை அனுபவம், மேடையருகில் வைத்தியர் இருப்பாரா என்று கேட்டுப் பாருங்கள். தெளிவான பதில் அரிதாகத்தான் வரும். பணம் வாங்கினால் அது வேலையாகிவிடும்; சுற்றுலா விசாவில் வேலை செய்வது பல நாடுகளில் நாடு கடத்தப்படக் காரணமாகும். காசு வாங்கி வகுப்பு எடுப்பதற்கும் இதே சிக்கல் இருக்கிறது.

சண்டையிடுவதுதான் இலட்சியம் என்றால், உங்களை வருடக்கணக்காகப் பார்த்த பயிற்றுநர் அருகில் நிற்க, உங்கள் எடைக்காரரோடு இறங்குங்கள்.

வேறு இடத்தில் பயிற்சி எடுத்ததை அறிந்தால் எங்கள் சேர் கோபிப்பாரா?

போவதற்கு முன் நீங்களே சொல்லிவிட்டால் கோபிக்க மாட்டார். பிறகு யாரோ போட்ட படத்தில் பார்த்தால் மனம் வருந்துவார். அந்த ஊரில் தெரிந்தவர் ஒருவரின் முகவரியும் அவரிடம் இருக்கக்கூடும். அப்படியிருந்தும் வேறு எங்கும் பயிலவே கூடாது என்று தடுக்கிற ஆசிரியரோடு எனக்கு உடன்பாடில்லை.

அங்கே கற்றுக்கொண்ட பூட்டுகளை இங்கே தம்பிமாருக்குச் சொல்லிக்கொடுக்கலாமா?

சேரிடம் காட்டி, அவர் முன்னிலையில் மட்டும். சில உத்திகள் வெளியே தெரிவதைவிட ஆபத்தானவை. குதிகாலைப் பிடித்து முறுக்கும் பூட்டை எடுத்துக்கொள்ளுங்கள். முறுக்குவது பாதத்தை, சேதமாவது முழங்காலின் தசைநார். முழங்கைப் பூட்டில் வலி முன்கூட்டியே எச்சரிக்கும். இதில் வலி தெரியும் நேரத்தில் தசைநார் கிழிந்திருக்கும். தட்டுவதற்கே நேரம் கிடைக்காது. இரண்டு வாரம் பார்த்த ஒருவர் தோட்டத்து மைதானத்தில் பதினான்கு வயதுப் பையனுக்கு அதைச் செய்து காட்டக்கூடாது. விழும் முறை, தட்டும் பழக்கம், வெப்பத்துக்கான தயாரிப்பு போன்றவற்றைத் தாராளமாகச் சொல்லிக்கொடுங்கள்.

எல்ல, நுவரெலியா பார்க்க வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நம் வகுப்புக்கு வரலாமா என்று கேட்கிறார். என்ன சொல்வது?

வரச் சொல்லுங்கள். செருப்பை எங்கே கழற்றுவது, தண்ணீர் எங்கே, கழிப்பறை எங்கே என்று முதலில் காட்டுங்கள். பழைய காயம் உண்டா என்று கேளுங்கள். வகுப்பிலேயே நிதானமான ஆளை அவருக்குத் துணையாகப் போடுங்கள். வெளிநாட்டானைச் சோதித்துப் பார்க்கத் துடிக்கிற பையன் எந்த வகுப்பிலும் ஒருவன் இருப்பான், அவனை அன்று அடுத்த வரிசையில் நிறுத்துங்கள். ஸ்பாரிங் வேண்டாம் என்று அவர் சொன்னால் இரண்டாம் முறை கேட்காதீர்கள். மழை விட்ட புல்தரையில் பயிற்சி என்றால் அட்டை ஏறும் என்பதைச் சொல்லி, கொஞ்சம் உப்பும் எடுத்து வையுங்கள்.